நாலு வீட்டுத் தாத்தா

அத்தியாயம் 9

போன வாரம் டைம்கீப்பரை ஸ்டூல் மேல் நிற்கவைத்துவிட்டு வந்துவிட்டோம். ஒரு வாரமாக அவர் அங்கேயே நிற்கிறாரோ என்று கவலைப்பட்டவர்கள் இனி நிம்மதியாகத் தூங்கலாம். இறங்கிவிட்டார். அவரோடு கூடத்துச் சுவரிலிருந்து ஒரு ஆணியும், ஆணியோடு உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்பும், இத்தனைக்கும் காரணமான அவருடைய தாத்தாவின் படமும் இறங்கின.

இப்போதுதான் கதைக்குள் வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. டைம்கீப்பர் பஸ் டெப்போவில் முப்பத்தைந்து வருடம் வண்டிகளை நேரத்துக்கு அனுப்பி ஓய்வு பெற்றவர். இப்போது அனுப்ப வண்டி இல்லாததால் வீட்டில் இருப்பவர்களை அனுப்பிக்கொண்டிருக்கிறார். மனைவி முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறார். ஒரே மகளுக்கு ஊர் நூலகத்தில் வேலை.

அந்த நூலகத்தின் மாடி அறையை ஊர் வரலாற்று அறையாக மாற்றியே தீருவது என்று மகள் ஆறு மாதமாக வீடு வீடாக ஏறி இறங்கினாள். பழைய கடிதம், பள்ளிக்கூடச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, மூடிப்போன கடைகளின் விளம்பர நோட்டீஸ் என்று கொடுத்ததையெல்லாம் வாங்கி, துடைத்து, நம்பர் போட்டு அடுக்கியிருக்கிறாள். இன்று கண்காட்சி. சாயங்காலம் ஐந்து மணிக்கு நகரசபைச் செயலாளர் வந்து பார்ப்பார். பிடித்திருந்தால் அறை வரலாற்றுக்கு. பிடிக்காவிட்டால் நகரசபையின் உடைந்த நாற்காலிகளுக்கு.

நாற்காலிகள் மொத்தம் இருபத்திரண்டு. முந்தின நாளே வந்து, மாடிப்படித் திருப்பத்தில் ஒன்றின் மடியில் ஒன்றாக உட்கார்ந்து, தீர்ப்புக்குக் காத்திருந்தன. கூட வந்த சுமை தூக்குகிறவரும் அவற்றில் ஓரளவு தேறியதாக ஒன்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

கண்காட்சியின் நடுச்சுவரில் ஊர்க்காரர்கள் அவரவர் வீட்டு மூத்தவர் படத்தைக் கொண்டுவந்து மாட்டலாம் என்று மகள் அறிவித்திருந்தாள். அந்தச் சுவரின் நட்டநடு இடத்தை டைம்கீப்பர் மூன்று வாரத்துக்கு முன்பே பிடித்து வைத்துவிட்டார். பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிக்கிறவர்களை வாழ்நாள் முழுவதும் திட்டியவர் அவர். சுவரில் துண்டு போட்டதைப் பற்றி அவருக்கு வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

காலை எட்டரைக்குக் கிளம்பும்போது, மகள் வரைந்த வம்ச வரைபடத்தைக் கடைசியாக ஒருதரம் விரித்துப் பார்த்தார். இடது பாதி அவர் பக்கம். சித்தப்பாக்கள், அத்தைகள், அத்தைகளின் நாத்தனார்கள் என்று நெரிசல். வலது பாதி மனைவியின் பக்கம். அங்கே காற்று தாராளமாக ஓடியது.

"ஏம்மா, உங்க தாத்தா கட்டத்துல தொழில்னு ஒரு இடம் காலியா கெடக்கே."

மனைவி மெஷினை நிறுத்தவில்லை. "போட்டோ கடையில வேலை பார்த்தாருன்னு எங்கம்மா சொல்வாங்க."

"படம் எடுப்பாரா?"

"இல்ல."

"கழுவுவாரா?"

"இல்ல."

"பின்ன?"

"சும்மா உக்காந்திருப்பாராம்."

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடமாக டைம்கீப்பர் இந்தக் கேள்விகளை இதே வரிசையில் கேட்டு, இந்த இடத்தில் சிரித்துவருகிறார். இன்றும் நேரம் தவறாமல் சிரித்தார்.

"உக்கார்றதுக்குச் சம்பளம் வாங்கின ஒரே பரம்பரை உங்க பரம்பரைதான்."

"உங்களுக்கு மாசாமாசம் பென்ஷன் வருதே, அது எதுக்காம்?" என்றார் மனைவி, நூலைப் பல்லால் கடித்தபடி.

டைம்கீப்பர் பேச்சைத் தாத்தாவின் பக்கம் திருப்பினார். படத்தில் தாத்தா கோட்டு போட்டு, மீசையை இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டு, நாற்காலியில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். தலைக்கு இரண்டு பக்கமும் கதவுக் கைப்பிடி போல இரண்டு காதுகள். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அவளைக் கையில் வாங்கிய டைம்கீப்பர் சொன்ன முதல் வார்த்தையே, "அடடா, எங்க தாத்தா காது!" என்பதுதான். அவருடைய சொந்தக் காது சுண்டைக்காய் அளவு. அதை இதுவரை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

படத்தைப் போர்வையில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தே போனார். நூலகத்துக்குப் பத்து நிமிட நடை. வழியில் ஒவ்வொருவரிடமும் நின்று போர்வையை விலக்கிக் காட்டியதில் முப்பத்தைந்து நிமிடம் ஆனது. ஒரு பஸ் இப்படி வந்திருந்தால் மெமோ கொடுத்திருப்பார்.

நடுச்சுவரில் தாத்தா ஏறினார். டைம்கீப்பர் நாலடி பின்னால் போய்ப் பார்த்தார். இன்னும் ரெண்டடி போய்ப் பார்த்தார்.

"இடது பக்கம் கொஞ்சம் எறங்கியிருக்கு பாரு."

"அப்பா, நீங்கதான் சாஞ்சு நிக்கிறீங்க," என்றாள் மகள்.

சரியாகப் பத்து மணிக்கு மருந்துக் கடைக்காரர் வந்தார். கக்கத்தில் பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு பெரிய சட்டம். வந்தவர் சுவரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"என்ன சார், எங்க தாத்தா படத்தை நீங்க மாட்டியிருக்கீங்க?"

"யாரு தாத்தா?"

"இவரு."

"காலையிலயே மருந்தை மாத்திச் சாப்பிட்டுட்டீங்களா? இவர் எங்க தாத்தா."

மருந்துக் கடைக்காரர் செய்தித்தாளைப் பிரித்தார். அதே நாற்காலி. அதே கோட்டு. அதே கதவுக் கைப்பிடிக் காதுகள். மீசை மட்டும் இல்லை. அதற்குப் பதிலாக மூக்கின் மேல் ஒரு வட்டக் கண்ணாடி உட்கார்ந்திருந்தது.

"மீசையை எடுத்துட்டுக் கண்ணாடி போட்டா வேற ஆளாயிடுவாரா?" என்றார் டைம்கீப்பர்.

"அதையேதான் நானும் கேக்குறேன்."

இரண்டு பேரும் குரலை உயர்த்தத் தொடங்கிய நேரத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அம்மா மூச்சு வாங்க மாடியேறி வந்தார். கையில் சட்டம். "என்ன சத்தம், கீழே வரைக்கும் கேக்குது..." என்று ஆரம்பித்தவர் சுவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "அட! எங்க தாத்தாவை நீங்களே கொண்டாந்துட்டீங்களா?"

அவர் கொண்டுவந்த தாத்தாவுக்கு நெஞ்சு வரை தாடி. தாடிக்குக் கீழே அதே கோட்டு.

நாலாவதாக வந்த பல் டாக்டர் வாசலில் நின்று மூன்று படங்களையும் பார்த்தார். கையிலிருந்ததைப் பார்த்தார். சத்தமில்லாமல் திரும்பி நடந்தார்.

"டாக்டர், எங்கே போறீங்க?" என்று மகள் ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"இல்லம்மா... வீட்ல வேற தாத்தா யாராவது இருக்காரான்னு பார்த்துட்டு வந்துடறேன்."

அவருடைய தாத்தா வழுக்கை. மற்றபடி காது, கோட்டு, நாற்காலி எல்லாம் அச்சு அசல்.

சுவரில் ஏறியதையும் இறக்கி, நாலு படங்களும் தரையில் சாய்த்து வைக்கப்பட்டன. நாலு வீட்டுக்காரர்கள் சுற்றி நின்றார்கள். படியில் உட்கார்ந்திருந்த சுமை தூக்குகிறவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இவருக்கு ஊர்ல சொந்தபந்தம் ஜாஸ்தி போல," என்றார்.

மகளின் முகம் வெளுத்துவிட்டது. "அப்பா, அஞ்சு மணிக்குச் செயலாளர் வராரு. ஏற்கெனவே அவருக்கு இதுல நம்பிக்கை இல்ல. 'வரலாறுன்னு வீட்டுக் குப்பையை எல்லாம் சேக்குறீங்க'ன்னு போன வாரம் முகத்துக்கு நேராவே சொன்னாரு. இதைப் பார்த்தா சிரிச்சுட்டு அப்படியே நாற்காலியை உள்ள ஏத்தச் சொல்லிடுவாரு."

"அவ்வளவுதானே? மூணு படத்தை ஒதுக்கிடலாம்," என்றார் மருந்துக் கடைக்காரர்.

"எந்த மூணு?" என்றார் டைம்கீப்பர்.

அதன் பிறகு நாற்பது நிமிடம் நடந்த பேச்சை இங்கே எழுதினால் இந்த இதழில் சமையல் பக்கத்துக்கு இடம் இருக்காது. சுருக்கமாக: ஒவ்வொருவரும் மற்ற மூன்று பேருடைய தாத்தாக்களும் போலி என்று நிரூபித்தார்கள். டைம்கீப்பர் மகளை இழுத்து வந்து படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, "காதைப் பாருங்க! ரத்தம் பேசுது!" என்றார். யாராலும் மறுக்க முடியவில்லை. காது அப்படியே இருந்தது. மகள் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, பொறுமையாக நின்றாள்.

அந்த நேரத்தில்தான் மனைவி வந்தார். சுவரில் போடத் தைத்த துணியைக் கொண்டுவந்தவர், அதைக் கீழே வைத்துவிட்டு, நாலு படங்களுக்கும் முன்னால் குந்தி உட்கார்ந்தார். முகத்தை அவர் பார்க்கவே இல்லை. கோட்டைப் பார்த்தார்.

"நாலும் ஒரே கோட்டு."

"ஒரே மாதிரி கோட்டுன்னு சொல்லு," என்று டைம்கீப்பர் திருத்தினார்.

"ஒரே கோட்டு. மூணாவது பித்தான் மட்டும் பெருசு பாருங்க. மத்ததுக்கு ரெண்டு ஓட்டை, இதுக்கு நாலு. கோட்டோட தோள் இந்த ஆளுக்குப் பெருசு. பின்னாடி ஊசி குத்திப் புடிச்சிருக்காங்க. இல்லன்னா நெஞ்சுல இப்படி மடிப்பு விழாது. நாலு படத்துலயும் அதே எடத்துல ஊசி."

"கோட்டு வாடகைக்கு எடுத்திருப்பாங்க. அந்தக் காலத்துல வழக்கம்தானே," என்றார் மருந்துக் கடைக்காரர்.

"சரிங்க. கோட்டை வாடகைக்கு எடுக்கலாம். காதை எடுக்க முடியுமா?"

பல் டாக்டர் மெல்ல உட்கார்ந்து, தன் தாத்தாவின் வழுக்கையைக் கண்காட்சி மேஜையில் இருந்த பூதக்கண்ணாடியால் பார்த்தார். "முடி மேல பெயின்ட் அடிச்சிருக்கு," என்றார் சோகமாக. டிரைவிங் ஸ்கூல் அம்மாவின் தாத்தாவுக்குத் தாடி, பிரஷ்ஷால் போட்ட கோடு கோடாக இருந்தது. டைம்கீப்பர் தன் தாத்தாவின் மீசைக்குப் பக்கத்தில் பூதக்கண்ணாடியைக் கொண்டுபோனார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பூதக்கண்ணாடி சரியில்லை என்றார்.

மகளுக்குத்தான் முதலில் சுதாரிப்பு வந்தது. நாலு படங்களின் மூலையிலும் ஒரே ஸ்டுடியோவின் முத்திரை. மூடிப்போன ஸ்டுடியோ. ஆனால் அதை நடத்தியவரின் பேரன் மார்க்கெட் தெருவில் இன்றும் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறார். போன் போட்டாள்.

பாஸ்போர்ட் போட்டோக்காரர் கடையில் கடைசி ஆளையும் 'கொஞ்சம் முகவாயைத் தூக்குங்க' என்று முடித்து அனுப்பிவிட்டு மூன்று மணிக்கு வந்தார். கையில் அட்டை கிழிந்த ஒரு தடித்த பதிவேடு. நாலு படங்களையும் பார்த்ததும் பழைய சிநேகிதனைப் பார்த்தவர் போலச் சிரித்தார்.

"நம்ம ஆளு!"

"உங்களுக்கும் தாத்தாவா?" என்றார் டிரைவிங் ஸ்கூல் அம்மா, பயத்தோடு.

"இல்லம்மா. எங்க தாத்தா கடையில வேலை பார்த்தவரு. அப்பல்லாம் யாரு படம் எடுத்துக்கிட்டாங்க? ஆள் செத்த பெறகுதான் வீட்டுல ஒரு படம்கூட இல்லையேன்னு அழுதுக்கிட்டு வருவாங்க. எப்படி இருப்பாருன்னு எங்க தாத்தா கேட்டு எழுதிக்குவாரு. அப்புறம் இவரை உக்கார வெச்சு எடுத்து, சொன்ன மாதிரி மீசை, தாடி எல்லாம் பிரஷ்ல போட்டுக் குடுத்துடுவாரு. ஜனங்களும் அதை மாட்டிக்குவாங்க. ரெண்டு தலைமுறை போனா, அவர்தான் தாத்தா."

"ஏன் இவரையே?"

"இவரை மாதிரி யாராலயும் உக்கார முடியாதாம். அந்தக் காலக் கேமராவுக்கு முன்னாடி கொஞ்சம் ஆடினாலும் முகம் கலைஞ்சிடும். இவரு மூச்சு விடறதே தெரியாதாம். உக்கார்றதுக்குன்னே சம்பளம் குடுத்து வெச்சிருந்தாரு."

டைம்கீப்பர் மனைவியைப் பார்க்கவில்லை. மனைவி பாஸ்போர்ட் போட்டோக்காரரைப் பார்த்தார்.

"அவரு பேரு எழுதியிருக்கா?"

"பக்கத்துக்குப் பக்கம் இருக்கே. 'அமர்ந்தவர்'னு போட்டு." விரலை வைத்து வாசித்தார்.

மனைவி எழுந்துபோய், மாடிப்படித் திருப்பத்திலிருந்து ஒரு நாற்காலியைத் தானே இழுத்து வந்து, உடைந்த காலைச் சுவரோடு முட்டுக் கொடுத்து உட்கார்ந்தார். அவர் அம்மா சொல்லிச் சொல்லிக் கேட்ட பெயர். வம்ச வரைபடத்தின் வலது பாதியில் தனியாக நிற்கும் பெயர்.

"பதிவேட்டுக்குள்ள இதுவும் இருந்துச்சு," என்று போட்டோக்காரர் ஒரு அட்டையை நீட்டினார். பிரஷ் படாத படம். மீசை இல்லை, தாடி இல்லை, கண்ணாடி இல்லை. கோட்டுகூட இல்லை. சட்டையோடு ஒரு மனிதர், இன்னும் யாராகவும் ஆகாமல் உட்கார்ந்திருந்தார்.

ஊரில் நாலு சுவருக்குத் தாத்தாவாக இருந்தவருக்குச் சொந்தப் பேத்தியின் கையில் இப்போதுதான் ஒரு படம் கிடைத்தது. மனைவி அதை வெகுநேரம் பார்த்தார்.

"தோள் பதினாறு இஞ்சுதான்," என்றார். "அந்தக் கோட்டு எப்படிப் பொருந்தும்?"

பிறகு, எப்போதும் காதை மூடி வாரியிருக்கும் தலைமுடியை ஒரு கையால் பின்னால் ஒதுக்கினார். கதவுக் கைப்பிடி.

மகள் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மருந்துக் கடைக்காரர் மூன்று காதுகளையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, "ரத்தம் பேசுது சார். நீங்க சொன்னது ரொம்ப கரெக்ட்," என்றார்.

டைம்கீப்பருக்குக் கணக்கு மெதுவாக உறைத்தது. முப்பத்திரண்டு வருடமாகக் காலையில் எழுந்ததும் யார் முகத்தில் விழித்திருக்கிறார்? மனைவி வீட்டுப் பெரியவர் முகத்தில். பனியனோடு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அந்தப் பெரியவருக்கு எதிரிலேயே நின்று 'உங்க பக்கத்துல ஒரு போட்டோ உண்டா?' என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறார்? அந்த மனிதர் ஒரு தடவைகூட ஆடவில்லை, அசையவில்லை.

"அப்ப எங்க தாத்தா எப்படித்தான் இருப்பாரு?" என்று டிரைவிங் ஸ்கூல் அம்மாவின் குரல் உடைந்தது.

மகள் பதிவேட்டை வாங்கிப் புரட்டினாள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் ஒரு நம்பர் இருந்தது. அந்த நம்பரில் பதிவேட்டைப் பார்த்தால், வீட்டார் சொன்ன அடையாளம் முழுவதும் அப்படியே எழுதியிருந்தது. அவள் வாசித்தாள்.

"'தாடி உண்டு. யாராவது வழி கேட்டால் கூடவே நடந்து போய் விட்டுவிட்டு வருவார். இதனால் வீட்டு வேலை கெடும்.'"

டிரைவிங் ஸ்கூல் அம்மா மூக்கை உறிஞ்சினார். "எங்க வீட்டு ரத்தம்தான். எனக்கும் வழி கேட்டா தாங்காது."

மருந்துக் கடைக்காரருக்கு: "'கண்ணாடி உண்டு. கோபம் உண்டு. படத்தில் கோபம் வேண்டாம் என்று மனைவி கேட்டுக்கொண்டார்.'"

பல் டாக்டருக்கு: "'தலையில் முடி கிடையாது. பெரிய குரல். குரலை வரைய இயலாது என்று சொல்லப்பட்டது. சிரித்த முகம் வேண்டும் என்றார்கள். அமர்ந்தவருக்கு அன்று பல்வலி.'"

டாக்டர் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "கீழ்த்தாடை. இடது பக்கம்," என்றார்.

கடைசியாக டைம்கீப்பரின் படம். நம்பர் 214. மகள் முதலில் மனதுக்குள் வாசித்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சத்தமா படி. என்ன வந்தாலும் வரட்டும்."

"'ஆள் குட்டை. காது மிகச் சிறியது. மீசை வளரவில்லை; ஆனால் வாழ்நாள் முழுவதும் மீசைக்கு ஆசைப்பட்டவர். ஆகவே முறுக்கு மீசை வைக்கவும். பாட்டுப் பாடிக்கொண்டே நடப்பார். எங்கேயும் நேரத்துக்குப் போனதில்லை. தன் கல்யாணத்துக்கே தாமதமாக வந்தார்.'"

முதலில் சிரித்தது மனைவிதான். சின்னதாக ஆரம்பித்து, நாற்காலியின் முட்டு நழுவுகிற அளவுக்குப் போனது. பிறகு மருந்துக் கடைக்காரர், டாக்டர், படியில் சுமை தூக்குகிறவர் என்று பரவியது. டைம்கீப்பர் கொஞ்ச நேரம் விறைப்பாகத்தான் நின்றார். பாட்டுப் பாடிக்கொண்டு, மீசை இல்லாத முகத்தோடு, ஆடி அசைந்து தன் கல்யாணத்துக்கு நடந்து வருகிற ஒரு குட்டை மனிதர் அவர் கண்ணுக்குத் தெரிந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் தன் தாத்தாவைப் பார்த்தார். அவருக்கு மெமோ கொடுக்க மனம் வரவில்லை. அவரும் சிரித்துவிட்டார்.

"இப்ப சொல்லுங்கப்பா. எதை ஒதுக்கலாம்?" என்றாள் மகள்.

டைம்கீப்பர் அட்டையும் பேனாவும் கேட்டு வாங்கினார். மேஜையில் குனிந்து, டெப்போ பலகையில் எழுதுகிற அதே கொட்டை எழுத்தில் எழுதினார். தரையில் இருந்த தன் தாத்தாவின் படத்தை எடுத்து, நடு ஆணியை விட்டுவிட்டு, ஓரத்தில் மாட்டினார். நடுவில் பிரஷ் படாத படத்தை வைத்து, அட்டையை அதன் கீழே ஒட்டினார்.

'இவர் என் மனைவியின் தாத்தா. தொழில்: உட்காருவது. இந்த ஊரில் இவரை மிஞ்ச ஆள் இல்லை.'

மனைவி வந்து அட்டையைப் படித்தார். "எழுத்து ஒரு பக்கமா எறங்குது," என்றார்.

"நீ சாஞ்சு நிக்கிற."

மற்ற மூன்றையும் மாட்டி, நாலு படங்களுக்குக் கீழேயும் பதிவேட்டின் வரிகளை மகள் எழுதி ஒட்டி முடிப்பதற்குள் விஷயம் தெருவில் இறங்கிவிட்டது. நாலு வீட்டுக்கும் ஒரே தாத்தாவாமே என்று கேட்டுக்கொண்டு ஜனங்கள் மாடியேறத் தொடங்கினார்கள். சும்மா பார்க்க வந்தவர்கள் அடையாள வரிகளைப் படித்துவிட்டு அப்படியே நின்றார்கள். "எங்க வீட்லயும் கோட்டு போட்ட ஒருத்தர் இருக்காரு," என்று ஒரு கிழவர் யோசனையோடு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். சுமை தூக்குகிறவர் கூட்டத்தை வரிசைப்படுத்தும் பொறுப்பைத் தானாகவே எடுத்துக்கொண்டார்.

நாலு ஐம்பத்தெட்டுக்குச் செயலாளர் வந்தார். டைம்கீப்பருக்கு அந்த இரண்டு நிமிடம் பிடித்திருந்தது.

செயலாளர் சிரிக்கத் தெரியாதவர் இல்லை. அலுவலக நேரத்தில் சிரிக்காதவர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கடிதங்களைப் பார்த்தார், நோட்டீஸ்களைப் பார்த்தார். மகள் பக்கத்தில் நடந்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னாள். நடுச்சுவருக்கு வந்ததும் ஒளித்து மறைக்காமல், கோட்டு, ஊசி, பிரஷ், பல்வலி என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"சார், நாலு படமும் பொய். ஆனா கீழ இருக்கிற நாலு குறிப்பும் நிஜம். அப்படி இன்னும் எத்தனையோ வீட்டு ஆளுங்க இந்தப் பதிவேட்டுல இருக்காங்க. இந்த அறை இல்லன்னா அவங்களைத் தேடி யாரும் வரமாட்டாங்க."

செயலாளர் ஓரத்துப் படத்துக்கு முன்னால், முறுக்கு மீசைக்கு முன்னால், நின்றார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பிறகு யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார்.

கூட்டம் படிப்பக்கம் எட்டிப் பார்த்தது.

"அப்ப... ஏத்தட்டுமா?" என்றார் சுமை தூக்குகிறவர். அவருக்கே அதைக் கேட்கப் பிடிக்கவில்லை.

மகள் கடித அட்டைகளை அடுக்க ஆரம்பித்தாள். டைம்கீப்பர் பக்கத்தில் போய் நின்றார். பஸ் போய்விட்டது, அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. அப்படி ஒரு நிலைமையில் என்ன சொல்வார்கள் என்று அவருக்கு முப்பத்தைந்து வருடத்திலும் தெரியவில்லை.

"நம்ம வீட்டு முன்னறை இருக்கேம்மா," என்றார் கடைசியில். "உங்கம்மா மெஷினைக் கொஞ்சம் தள்ளிப் போட்டா..."

"என் மெஷின் எங்கேயும் தள்ளாது. உங்க ஈஸிசேரைத் தூக்கலாம்," என்றார் மனைவி.

"சரி, தூக்கலாம்."

மகள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அந்த ஈஸிசேரை அவர் இதுவரை யாரையும் தொடவிட்டதில்லை.

ஐந்தே முக்காலுக்குப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. செயலாளர். சட்டையெல்லாம் ஒட்டடை. வேர்த்து ஊற்றியது. இரண்டு கையாலும் ஒரு சட்டத்தைக் கட்டிப்பிடித்திருந்தார். அதை மேஜையில் வைத்து, சுற்றியிருந்த துணியை விலக்கினார்.

நாற்காலி, கோட்டு, காது.

"பரண்ல இருந்துச்சு," என்றார் செயலாளர். அலுவலக நேரம் முடிந்திருந்ததால் குரல் வேறு மாதிரி இருந்தது. "சின்ன வயசுல ஒருதரம் பார்த்திருக்கேன். யாருன்னு கேட்டா எங்க வீட்ல அடி விழும். இவரைப் பத்தியும் அந்தப் பதிவேட்டுல இருக்குமா? நான் தெரிஞ்சுக்கணும்."

பிறகு வாசல் பக்கம் திரும்பினார். "அந்த நாற்காலியெல்லாம் கீழ எறக்குப்பா. இந்த அறைக்கு வேலை இருக்கு."

சுமை தூக்குகிறவர் விசிலடித்தார். மருந்துக் கடைக்காரரும் டைம்கீப்பரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். பழக்கமில்லாததால் உடனே விலகியும் கொண்டார்கள். மகள் அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே, இனி தன் வேலை என்பதுபோல, செயலாளரின் படத்தைத் திருப்பி நம்பர் பார்த்தாள்.

திருப்பிய படத்தைக் கீழே வைக்கவில்லை.

"என்னம்மா?" என்றார் டைம்கீப்பர்.

"இருநூத்துப் பதினாலு."

"அது நம்ம நம்பர்."

"இதுவும் அதேதான்ப்பா."

அப்போதுதான் எல்லோரும் படத்தை ஒழுங்காகப் பார்த்தார்கள். முறுக்கு மீசை. ஓரத்துச் சுவரில் இருப்பதற்கு ஒரு முடி கூடவில்லை, குறையவில்லை. மகள் பதிவேட்டைப் பிரித்தாள். சிரிப்பில் அவர்கள் விட்டுவிட்ட கடைசி வரி, பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் இருந்தது.

"'பிரதிகள் இரண்டு. ஒன்று வீட்டாரிடம் கொடுக்கப்பட்டது. மற்றது, மறுநாள் தனியாக வந்த ஒரு பெண்ணிடம். பெயர் சொல்ல மறுத்தார். மீசையைப் பார்த்து, இது அவர் இல்லை என்றார். பிறகு, இருக்கட்டும், அவர் ஆசைப்பட்டதுதானே என்று வாங்கிக்கொண்டார்.'"

செயலாளர் டைம்கீப்பரைப் பார்த்தார். டைம்கீப்பர் செயலாளரைப் பார்த்தார். மனைவி இருவரையும் மாறி மாறி, அளவெடுக்கிற பார்வையில் பார்த்தார்.

"அப்ப நான் உங்களை எப்படிக் கூப்பிடணும்?" என்றார் செயலாளர் மெதுவாக. "இத்தனை நாள் சார்னு கூப்பிட்டேன்."

டைம்கீப்பர் ஓரத்துச் சுவரின் முறுக்கு மீசையைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பெண் யாருன்னு உங்க வீட்ல யாருக்காவது தெரியுமா?" என்று மகள் கேட்டாள்.

"எங்கம்மாவுக்குத் தெரியும். தொண்ணூத்தொரு வயசு, ஒரு வார்த்தை மறக்கல," என்றார் செயலாளர். "நாளைக்கே கூட்டிட்டு வரேன். வருவாங்க. உக்காருவாங்க. ஆனா இவரைப் பத்திக் கேட்டா வாயைத் தொறக்க மாட்டாங்க."